வழிகாட்டி நாய் எப்படி உருவாகிறது? உதவி நாய்களின் வேலையும் பயிற்சியும்

பார்வையற்ற ஒருவர் தன் வழிகாட்டி நாயிடம் "பேங்க்குக்குப் போ" என்று சொல்வதில்லை. எத்தனையாவது தெருவில் திரும்புவது, எந்த இடத்தில் சாலையைக் கடப்பது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கிறது. நாயின் பொறுப்பு அடுத்த சில அடிகள்தான். "நேராக", "இடது", "வலது" என்று அவர் சொல்லச் சொல்ல அது நேர்கோட்டில் நடக்கும், குறுக்கே எது வந்தாலும் சுற்றிப் போகும், படியோ நடைபாதை விளிம்போ வந்தால் நிற்கும். சிக்னலைப் பார்த்துக் கடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நாயின் கண் சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்தறியாது. வண்டிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எப்போது நின்றன என்பதைக் காதால் கேட்டு, கடக்கும் நேரத்தை முடிவு செய்பவர் மனிதர். இந்த வேலைப் பங்கீடு மனதில் நின்றால், பயிற்சி ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பது தானாக விளங்கும்.

எல்லா உதவி நாய்க்கும் அடிப்படை ஒன்றே. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (1990) விதிகள் அதைச் சுருக்கமாகச் சொல்கின்றன: ஒருவரின் குறைபாட்டோடு நேரடியாகத் தொடர்புள்ள வேலையைச் செய்வதற்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற நாய். பக்கத்தில் இருந்தாலே ஆறுதல் தரும் நாய் எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் இதில் சேராது. பதற்றம் ஏறுவதைக் கண்டுகொண்டு, மடிமேல் ஏறி உடல் பாரத்தால் அழுத்திப் படுக்கப் பழக்கப்பட்ட நாய் சேரும். அமெரிக்க விமானப் பயண விதிகளும் 2021 ஜனவரியிலிருந்து இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டன. அதற்கு முன் ஆறுதல் நாய் என்ற பெயரில் எந்தப் பழக்கமும் இல்லாத செல்லப்பிராணிகள் விமானத்தில் ஏறின. அவை குரைத்ததற்கும் கடித்ததற்கும் கெட்ட பெயர் வாங்கியவை ஒழுங்காகப் பயிற்சி பெற்ற நாய்கள்.

முறையான பயிற்சி தொடங்கியது முதல் உலகப் போரின்போது. போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் ஒரு பள்ளி தொடங்கியது. 1928-ல் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்க இளைஞர் சுவிட்சர்லாந்துக்குப் போய், டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் நடத்திய மையத்தில் பட்டி என்ற பெண் ஜெர்மன் ஷெப்பர்டுடன் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அடுத்த ஆண்டே ஃபிராங்கும் யூஸ்டிஸும் சேர்ந்து டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் 'தி சீயிங் ஐ' பள்ளியைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளி இன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் மோரிஸ்டவுனில் இயங்குகிறது. பிரிட்டனில் முதல் நான்கு ஜோடிகள் பயிற்சி முடித்தது 1931-ல்.

குட்டிப் பருவம்

பெரும்பாலான பள்ளிகள் தங்களுக்கென்று இனப்பெருக்கத் திட்டம் வைத்திருக்கின்றன. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், இவை இரண்டின் கலப்பு, ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவைதான் அதிகம். நாய் முடி ஒவ்வாதவர்களுக்கு பூடில் வகைகள். இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு எக்ஸ்ரே, கண் பரிசோதனை எல்லாம் உண்டு. மூட்டு சரியில்லாத நாயை எட்டு வருடம் ஹார்னஸில் (உடலில் பூட்டும் வார்ப்பட்டையில்) நடக்க வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

ஏழெட்டு வாரக் குட்டி தன்னார்வக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போகும். ஒரு வயதைத் தாண்டும்வரை, சில பள்ளிகளில் ஒன்றரை வயதுவரை அங்கேதான் வளரும். இந்தக் குடும்பம் வழிகாட்டக் கற்றுத் தருவதில்லை. அது தருவது உலக அனுபவம்: பேருந்து, லிஃப்ட், ஈரமான டைல்ஸ் தரை, இரும்புச் சல்லடை மூடி, அழும் குழந்தை, பிரஷர் குக்கர் விசில், குடை சட்டென்று விரியும் ஓசை. ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து, சிறு அளவில் காட்டி, குட்டி நிதானமாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். பயந்த குட்டியை "பழகிடும்" என்று இழுத்துப்போனால் அந்தப் பயம் உறைந்துவிடும். பல நாய்கள் பிற்பாடு தேர்ச்சி பெறாமல் போவதற்கு விதை இங்கேதான் விழுகிறது.

இந்தக் கட்டத்தில் கட்டாயம் பதிய வேண்டிய பழக்கங்கள் சில உண்டு. ஒரு குறிப்பிட்ட சொல்லைக் கேட்டால் மட்டும், லீஷில் (பிடிகயிற்றில்) கட்டியபடியே மலஜலம் கழிப்பது. தரையில் கிடக்கும் தீனியைத் தொடாமல் இருப்பது. மேசைக்கடியில் ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் படுத்திருப்பது. முதல் பழக்கம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நாய் எங்கே, எப்போது போனது என்று பார்வையில்லாதவருக்குத் தெரிந்தால்தான் அவரால் பையை எடுத்துச் சுத்தம் செய்ய முடியும். தீனி விஷயத்தில் லாப்ரடாரை நம்பவே முடியாது. வீட்டில் ஒரே ஒருவர் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு துண்டு கொடுத்துப் பழக்கினாலும் போதும், ஓட்டலில் அந்த நாய் மேசைக்கடியில் படுக்காது. மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும்.

பள்ளியில் கற்பது

குட்டி வளர்ந்து பள்ளிக்குத் திரும்பியதும் பயிற்சியாளரோடு வேலை தொடங்கும். நான்கிலிருந்து ஆறு மாதம், வாரத்தில் ஐந்து நாள். நாய் எப்போதும் மனிதரின் இடது பக்கம் நடக்கும். அதன் உடலில் தோல் ஹார்னஸ், அதிலிருந்து எழும்பும் கெட்டியான ப வடிவக் கைப்பிடி. லீஷ் துவளும் என்பதால் அதன் வழியே செய்தி தெளிவாக வராது. கெட்டியான கைப்பிடி நாயின் தோள் அசைவை அப்படியே இடது கைக்குக் கடத்துகிறது: வேகம் குறைவது, இடப்பக்கம் சாய்வது, நிற்பது எல்லாம் கையில் தெரியும். அதற்கு நாய் லேசாக முன்னே இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். வீட்டு நாய்க்கு "இழுக்காதே" என்று கற்றுத்தருகிறோம். ஹார்னஸ் பூட்டிய நாய்க்கு அளவாக இழுக்கக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

முதல் பாடங்களில் ஒன்று நடைபாதை விளிம்பு. பயிற்சியாளர் நாயோடு நேராக நடந்துபோய், விளிம்பு வந்ததும் தானே நின்று, காலால் விளிம்பைத் தட்டிக் காட்டி, பாராட்டி, ஒரு துண்டு தீனி தருவார். பத்திருபது விளிம்புகளுக்குப் பிறகு தான் நிற்பதைத் தாமதிப்பார். நாய் முந்திக்கொண்டு நின்றால் பெரிய பாராட்டு. வழக்கமாக நேரும் தவறு, பாராட்டுக்கு ஆசைப்பட்டு ஒரு மீட்டர் முன்னாலேயே நின்றுவிடுவது. பார்ப்பவருக்கு அது நல்ல நாயாகத் தோன்றும். பார்வையில்லாதவரோ காலை நீட்டித் துழாவியும் விளிம்பைக் காணாமல் குழம்புவார். அதனால் நாயின் முன்னங்கால் விளிம்பில் இருந்தால் மட்டுமே தீனி. தீனியை எங்கே கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். இடது தொடையை ஒட்டிக் கொடுக்க வேண்டும். வலது கையை நீட்டிக் கொடுத்தால் நாய் வாங்குவதற்காக மனிதருக்குக் குறுக்கே வளைந்து வரும். நாள்பட அதுவே பழக்கமாகி, நிற்கும்போதெல்லாம் அவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறார் என்ற கணக்கு கோணிவிடும். சாலையைக் கடக்கும்போது திசை கோணினால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் பதிலாகச் சந்திப்பின் நடுவில் போய் நிற்பார்.

அடுத்தது அகலமும் உயரமும். நாய்க்குத் தன் உடம்பின் அளவு தெரியும். தன் வலப்பக்கம் ஒரு ஆள் இருக்கிறார், அவருடைய தலை தனக்கு மேலே நான்கடி உயரத்தில் இருக்கிறது என்பதை அது கற்றுக்கொள்ள வேண்டும். நாய் மட்டும் நுழையக்கூடிய இடைவெளியை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பார்கள். நாய் நுழையப் பார்க்கும்போது பயிற்சியாளர் கம்பத்தில் கையால் ஓங்கித் தட்டி, நின்று, நான்கடி பின்வாங்கி, மறுபடி நடப்பார். இரண்டாம் முறை அது அகலமாகச் சுற்றினால் பாராட்டு. தலை உயரத் தடை இதைவிடக் கடினம், ஏனென்றால் நாய் மேலே பார்த்து நடக்கும் பிராணி அல்ல. தாழ்ந்த கிளை, லாரியின் பின்கதவு, கடைக்கு வெளியே சாய்த்துக் கட்டிய தார்ப்பாய்க் கம்பு என்று ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டிக் காட்டித்தான் அது மேலே கவனிக்கப் பழகும். இங்கே பயிற்சியாளரின் சோம்பல் உடனே வெளிப்படும். வலது தோள் லேசாக உரசியதை இரண்டு மூன்று முறை கண்டுகொள்ளாமல் விட்டால், உரசுவது பரவாயில்லை என்று நாய் முடிவு கட்டிவிடுகிறது.

கடைசியாக வருவது, கட்டளையை மீறக் கற்பது. மனிதர் "நேராக" என்கிறார், வண்டி வருகிறது, நாய் நகரக் கூடாது, தேவைப்பட்டால் பின்வாங்க வேண்டும். இதைப் பள்ளி ஊழியர்களே ஓட்டும் காரை வைத்துத் திட்டமிட்டுப் பழக்குகிறார்கள். கார் குறுக்கே திரும்பும் கணத்தில் பயிற்சியாளர் பானட்டைத் தட்டிச் சத்தம் எழுப்பி, நாயோடு சட்டென்று பின்னால் நகர்வார். சில முறைகளிலேயே நாய் முந்திக்கொள்ளும். அளவுக்கு மீறிச் செய்தால் வண்டியைக் கண்டாலே நடுங்கும் நாயாகிவிடும், அதன்பின் அது எந்தச் சாலையையும் கடக்காது. அதனால் இடைவெளி விட்டு, நடுவில் இதமான நடைகள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்வார்கள். ஓசை குறைந்த மின்சாரக் கார்கள் பெருகிய பிறகு இந்தப் பாடத்தின் கனம் கூடியிருக்கிறது. மனிதரின் காது தவறவிடுவதை நாயின் கண் பிடித்தாக வேண்டும்.

தேர்வு நாளில் பயிற்சியாளர் கண்ணைக் கட்டிக்கொண்டு, நாயை நம்பி நகர நெரிசலில் நடப்பார். சக பயிற்சியாளர் ஒருவர் பின்னால் வருவார். எல்லா நாய்களும் தேறுவதில்லை. பயம், அணில் பூனை மீதான மோகம், மூட்டுக் கோளாறு என்று காரணங்கள். தேறாதவை வேறு வேலைக்கோ நல்ல வீட்டுக்கோ போகும்.

ஜோடி சேர்ப்பது

நாய் தயாராகிவிட்டால் போதாது, ஆளும் தயாராக இருக்க வேண்டும். வெள்ளைக் கம்போடு தனியாக நடந்து பழகியவர்களையே பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. தெருக்களை மனதில் வரையத் தெரியாதவரை நாயால் எங்கும் கொண்டுபோக முடியாது. பொருத்தம் பார்க்கும் முறை அழகானது: நாய் இல்லாமல், பயிற்சியாளரே ஹார்னஸின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நாயாக நடிப்பார். மறுமுனையைப் பிடித்து விண்ணப்பதாரர் நடப்பார். ஆங்கிலத்தில் இதை ஜூனோ நடை என்பார்கள். அவர் எவ்வளவு வேகமாக நடக்கிறார், எவ்வளவு இழுப்பைத் தாங்குகிறார், கட்டளை சொல்லும் குரல் எப்படி, சமநிலை எப்படி என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வேகமாக நடப்பவருக்கு மெதுவான நாயைக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் தண்டனை.

பிறகு மூன்று நான்கு வாரம் இருவருக்கும் சேர்த்துப் பயிற்சி. முதல் நாட்களில் நாய் பழைய பயிற்சியாளரைத் தேடும். தீனி, சீவுதல், வெளியே கூட்டிப்போவது எல்லாவற்றையும் புதியவரே செய்தால்தான் பற்று மாறும். 'தி சீயிங் ஐ' முதல் நாய்க்கு 150 டாலரும் அடுத்தடுத்த நாய்களுக்கு 50 டாலரும் வாங்குகிறது. உண்மைச் செலவு பல்லாயிரம் டாலர். மீதியை நன்கொடை சுமக்கிறது.

மற்ற வேலைகள்

காது கேளாதவருக்கான நாய் ஒலியைக் கேட்டதும் குரைத்துப் பயனில்லை. அது வந்து மூக்காலோ முன்காலாலோ அவரைத் தொட்டு, அழைப்பு மணி, குழந்தையின் அழுகை, சமையலறை டைமர் என்று ஒலி வந்த இடத்துக்குக் கூட்டிப்போகும். தீ எச்சரிக்கை மட்டும் விதிவிலக்கு. ஒலி வரும் இடத்துக்கு ஆளைக் கூட்டிப்போகக் கூடாது என்பதால், பிரிட்டனில் இந்த நாய்கள் தொட்டுவிட்டு அங்கேயே படுத்து ஆபத்தை உணர்த்தப் பழக்கப்படுகின்றன.

சக்கர நாற்காலியில் இருப்பவரின் நாய் விழுந்த பொருளை எடுத்துத் தரும், கயிறு கட்டிய கதவை இழுத்துத் திறக்கும், சுவிட்சை மூக்கால் அழுத்தும். பொருள் எடுத்துத் தருவதை ஒரே பாடமாகக் கற்பிக்க முடியாது. முதலில் மரக்கட்டையை மூக்கால் தொட்டால் தீனி. பிறகு வாயில் கவ்வினால். பிறகு இரண்டு விநாடி, ஐந்து விநாடி, பத்து விநாடி பிடித்திருந்தால். பிறகு கையில் வைத்தால். அதன் பின்தான் தரையிலிருந்து எடுப்பது, தூரத்திலிருந்து கொண்டுவருவது. பிடித்திருக்கும் படியை அவசரப்பட்டுத் தாண்டிவிட்டால், நாய் பொருளைப் பாதி வழியில் போட்டுவிடும். குனிய முடியாத ஒருவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சாவிக் கொத்து போன்ற உலோகப் பொருட்களைப் பல நாய்கள் கவ்வ மறுக்கும். முதலில் துணி சுற்றிக் கொடுத்து, துணியை நாளுக்கு நாள் குறைப்பார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு எழுவது, அதன்மேல் பாரம் போட்டு நிற்பது ஆகியவற்றில் மிகுந்த எச்சரிக்கை தேவை. வளர்ச்சி முடியாத நாயை இதில் ஈடுபடுத்தினால் அதன் மூட்டும் முதுகும் போய்விடும்.

சர்க்கரை குறைவதை முகர்ந்து சொல்லும் நாய்களுக்கு, ரத்தச் சர்க்கரை அளவு 70 mg/dL-க்குக் கீழே போன நேரத்தில் எடுத்த வியர்வை அல்லது மூச்சு மாதிரியைப் பஞ்சில் சேகரித்து உறைய வைத்துப் பயன்படுத்துகிறார்கள். பல டப்பாக்களில் ஒன்றில் மட்டும் அது இருக்கும். அதைக் காட்டினால் தீனி. இங்கே ஏமாறுவது சுலபம். சரியான டப்பாவை மட்டும் வெறுங்கையால் தொட்டிருந்தால், நாய் கற்றது கைவாசனையை. சாதாரண அளவில் இருக்கும்போது அதே ஆளிடம் எடுத்த மாதிரியையும் மற்ற டப்பாக்களில் வைக்காவிட்டால், நாய் கற்றது அந்த ஆளின் வாசனையை. நாய்க்கு நாய் துல்லியம் பெரிதும் மாறுகிறது. எனவே நாய் சொன்னாலும் குளுக்கோமீட்டரில் பார்த்தே மருந்து. நாய் சும்மா இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. வலிப்பு விஷயத்தில் இன்னும் தெளிவாக இருக்க வேண்டும்: வலிப்பு வந்த பிறகு பக்கத்தில் இருப்பது, மணியை அழுத்துவது, வீட்டாரை அழைப்பது ஆகியவற்றைக் கற்பிக்கலாம். வருவதற்கு முன்பே நிச்சயமாகச் சொல்லக் கற்றுத்தருவதாக வாக்குறுதி தந்து பணம் கேட்பவரிடமிருந்து விலகி நிற்பது நல்லது.

வெளியிடத்தில்

அமெரிக்காவில் கடைக்காரர் இரண்டே கேள்வி கேட்கலாம்: இந்த நாய் உங்கள் குறைபாட்டுக்காகத் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றிருக்கிறது? சான்றிதழ் கேட்கவோ நோயைப் பற்றி விசாரிக்கவோ கூடாது. இணையத்தில் விற்கும் பதிவுச் சான்றிதழ்களுக்கும் அடையாள அட்டைகளுக்கும் அங்கே சட்ட மதிப்பு கிடையாது. ஆனால் உடையவரின் கட்டுப்பாட்டை மீறிப்போகும் நாயையோ, உள்ளே அசுத்தம் செய்யும் நாயையோ வெளியே அனுப்பக் கடைக்காரருக்கு உரிமை உண்டு.

இந்தியாவில் வழிகாட்டி நாய்கள் மிக அரிது. நடைபாதையில் கடை, பைக், குழி. எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லை காக்கும் தெருநாய்கள். ஒரே ஒரு முறை கடிபட்டால் போதும், பயிற்சி பெற்ற நாய் மற்ற நாய்களைக் கண்டாலே கவனம் சிதறி வேலைக்கு லாயக்கற்றுப் போகலாம். நம் ஊர் வெயிலும் தனிச் சிக்கல். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் வாசகர் ரயிலில் இப்படி ஒரு ஜோடியைப் பார்க்க நேரலாம். ஹார்னஸ் பூட்டியிருக்கும்வரை நாயைத் தொடாதீர்கள், கூப்பிடாதீர்கள், கண்ணோடு கண் பார்த்துக் கொஞ்சாதீர்கள். தீனி நீட்டவே வேண்டாம். அது ஒரு விநாடி தலையைத் திருப்பினால், அவர் ஒரு படியைத் தவறவிடக்கூடும். உதவ நினைத்தால் மனிதரிடம் பேசுங்கள், நாய் இல்லாத வலது பக்கம் நின்று "உதவி வேணுமா?" என்று கேளுங்கள். வேண்டுமென்றால் அவரே உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். ஹார்னஸைப் பிடித்து இழுத்துச் செல்வது, காரின் ஸ்டியரிங்கைப் பக்கத்து இருக்கையிலிருந்து திருப்புவதற்குச் சமம். குழந்தைகளுக்கு வரும் ஆசை இயல்பானது. "அது வேலையில இருக்கு கண்ணு" என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் பெரியவர்களைவிட அவர்களே நன்றாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஹார்னஸைக் கழற்றியதும் அது சாதாரண நாய்தான். ஓடும், புரளும், பந்தைக் கவ்வும். அப்படி விளையாட நேரம் தராவிட்டால் வேலையில் சுணங்கும். எடை ஏற விடக் கூடாது: விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது.

பெரும்பாலும் ஏழெட்டு வருடம் வேலை செய்த பிறகு ஓய்வு. விளிம்பில் நிற்பது தாமதமாவது, படியேறத் தயங்குவது, ஹார்னஸை எடுத்தால் எழுந்து வராமல் இருப்பது ஆகியவை முதல் அறிகுறிகள். ஓய்வு பெற்ற நாயை உடையவரே செல்லமாக வைத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் உறவினரோ, குட்டியாக வளர்த்த குடும்பமோ எடுத்துக்கொள்ளும். புதிய நாய்க்காக மறுபடி பள்ளிக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது: புது ஜோடி தடுமாற்றமில்லாமல் நடக்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பிடிக்கும். அதுவரை பழைய நாய் பல வருடத்தில் கற்றதை இதனிடம் எதிர்பார்க்காமல், தினமும் போகும் பாதைகளிலிருந்தே மெல்லத் தொடங்க வேண்டும்.